சேணம் செய்த கையில் பிறந்த புத்தர்

கி.பி. 622-ஆம் ஆண்டு பிறந்தபோது ஜப்பானின் இகருகா அரண்மனை துக்க வீடாக இருந்தது. முந்தைய ஆண்டின் கடைசி மாதத்தில் இளவரசரின் தாய் இறந்திருந்தார். புத்தாண்டின் முதல் மாதம் 22-ஆம் நாள் இளவரசரும் நோயில் விழுந்தார். சாப்பாடு இறங்கவில்லை. அருகிலிருந்து கவனித்துக்கொண்ட மனைவியும் அந்தக் களைப்பிலேயே நோயுற்றுப் படுத்துவிட்டார். மற்ற மனைவியரும் பிள்ளைகளும் அமைச்சர்களும் கூடி ஒரு நேர்ச்சை செய்துகொண்டார்கள். இளவரசரின் உடல் அளவுக்கு ஒரு சாக்கியமுனி புத்தர் சிலை செய்து வைப்போம். அந்தப் புண்ணியத்தால் நோய் தீருமானால் அவர் நெடுநாள் வாழட்டும். போகத்தான் வேண்டும் என்பது விதியானால் தூய உலகை அடையட்டும். இதுவே அவர்கள் நேர்ந்துகொண்டது.

இரண்டாம் மாதம் 21-ஆம் நாள் மனைவி கண்மூடினார். மறுநாள் இளவரசரும் போய்விட்டார். ஆனாலும் நேர்ந்துகொண்டவர்கள் வாக்கை மறக்கவில்லை. 623-ஆம் ஆண்டு மூன்றாம் மாதத்தில், சொன்னபடியே, சிலையைச் செய்து முடித்தார்கள். நடுவில் புத்தர், இரண்டு பக்கமும் இரண்டு போதிசத்துவர்கள், மூவருக்கும் பின்னால் ஒரே பெரிய திருவாசி. எல்லாம் வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசியவை.

இறந்துபோன அந்த இளவரசர் ஷோதொகு. ஜப்பானில் பௌத்தம் வேரூன்றக் காரணமானவர்களில் முதல்வராக இன்றும் போற்றப்படுபவர். அந்தச் சிலை இன்றும் நாரா மாவட்டத்தில், ஹொர்யூஜி கோயிலின் பொன் மண்டபத்தில் மூலவராக இருக்கிறது. ஜப்பானிய அரசு அதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்திருக்கிறது.

பழைய சிலைகளுக்குப் பிறந்த கதை கிடைப்பது அரிது. யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள், எப்போது முடிந்தது, யார் செய்தார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லும் சிலை அதிலும் அரிது. இந்தச் சிலை நான்குக்கும் விடை சொல்கிறது. திருவாசியின் பின்புறத்தில் வரிக்கு 14 எழுத்தாக 14 வரிகள், மொத்தம் 196 சீன எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மேலே சொன்ன துக்கக் கதை முழுவதும் அந்தப் பொறிப்பில் உள்ளதுதான். அதன் கடைசி வரியில் சிற்பியின் பெயரும் குலமும் இருக்கின்றன. பெயர் தோரி. குலம், குதிரைச் சேணம் செய்பவர்களின் குலம்.

சேணம் செய்யும் வீட்டுப் பிள்ளை எப்படி ஒரு நாட்டின் முதல் பெரும் புத்தச் சிற்பி ஆனார்? அந்தக் கேள்விக்கு விடை தேடினால் இந்தச் சிலையின் பாணி பிறந்த கதையும் சேர்ந்தே கிடைக்கிறது.

கடல் கடந்து வந்த குடும்பம்

ஜப்பானின் பழைய அரச வரலாறான நிஹோன் ஷோகி 720-இல் தொகுக்கப்பட்டது. அதன்படி, 552-இல் கொரியாவின் பெக்சே நாட்டு அரசர் சோங், அக்கால ஜப்பானின் யமாதோ அரசவைக்குத் தங்க முலாம் பூசிய ஒரு புத்தர் சிலையையும் சூத்திர நூல்களையும் அனுப்பினார். வேறு பழைய ஆவணங்கள் இதை 538 என்கின்றன. ஆண்டு எதுவானாலும், பௌத்தம் ஜப்பானுக்குள் ஒரு பொன் சிலையாகவே நுழைந்தது. அப்படி ஒரு முகப்பொலிவை அதுவரை கண்டதில்லை என்று அரசர் கின்மெய் வியந்ததாக அந்த வரலாறு சொல்கிறது.

அவை இரண்டாகப் பிரிந்தது. சோகா குலத்தார் புதிய தெய்வத்தை ஏற்கலாம் என்றார்கள். மொனொனொபே குலத்தார் நம் நாட்டுத் தெய்வங்கள் கோபிக்கும் என்றார்கள். சோகா தலைவர் சிலையைத் தம் வீட்டில் வைத்து வழிபட்டார். ஊரில் கொள்ளைநோய் வந்தது. எதிர்த்தரப்பு பழியைச் சிலையின் மேல் போட்டு, அதைத் தூக்கி நானிவா கால்வாயில் எறிந்தது.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஷிபா தத்தோ என்பவரின் குடும்பம் வரலாற்றில் தென்படுகிறது. இவர் சீனாவிலிருந்து 522-இல் வந்து யமாதோவில் ஒரு குடில் கட்டி அதில் புத்தர் உருவத்தை வைத்து வணங்கினார் என்று பிற்கால நூல் ஒன்று கூறுகிறது. அரசவை பௌத்தத்தைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே, குடியேறியவர்களின் குடிசைகளில் புத்தர் இருந்திருக்கிறார்.

584-இல் தத்தோவின் மகள் ஷிமா துறவு பூண்டார். வயது 11. ஸென்ஷின் என்ற துறவுப் பெயர் பெற்ற அந்தச் சிறுமிதான் ஜப்பானிய மண்ணில் முறைப்படி துறவு ஏற்ற முதல் ஆள். ஆண்களுக்கு முன்பே ஒரு பெண் குழந்தை. அடுத்த ஆண்டே மறுபடியும் கொள்ளைநோய் வந்தது. அவரையும் அவருடைய இரண்டு தோழியரையும் பிடித்து, துறவாடையைக் களைந்து, சந்தையில் வைத்துச் சவுக்கால் அடித்தார்கள். ஷிமா பின்வாங்கவில்லை. 588-இல் கப்பலேறிப் பெக்சேவுக்குச் சென்று துறவு விதிகளைக் கற்று, 590-இல் திரும்பி வந்தார்.

தத்தோவின் மகன் தசுனா. 587-இல் அரசர் யோமெய் நோயுற்றபோது, அவருக்காகத் துறவு பூண்டு ஒரு பெரிய புத்தர் சிலையும் ஒரு கோயிலும் செய்து வைப்பதாக தசுனா வாக்குக் கொடுத்தார். இந்த யோமெய்தான் இளவரசர் ஷோதொகுவின் தந்தை. தந்தை நோயுற்றபோது தசுனா சிலைக்கு வாக்குக் கொடுத்தார். 35 ஆண்டுகள் கழித்து மகன் நோயுற்றபோது தசுனாவின் மகன் தோரி சிலை வார்த்தார். இரண்டு குடும்பங்களின் கதையும் இப்படித் தலைமுறைகளாகப் பின்னிக் கிடக்கிறது.

சேணப் பட்டறையில் என்ன கற்கலாம்?

சேணத் தொழிலை வெறும் தோல் வேலை என்று நினைத்தால் தோரியைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தக் காலத்து யமாதோவில் குதிரை பெருங்குடியினரின் அடையாளம். அவர்களுடைய சேணத்தில் மரம், தோல், அரக்கு, இரும்பு, செம்பு, தங்கம் எல்லாம் சேர்ந்திருக்கும். அதைச் செய்யும் குலத்தார் பல பொருள்களைக் கையாளத் தெரிந்த கூட்டுத் தொழிலாளர்கள்.

இதற்கு மறுக்க முடியாத சாட்சி ஹொர்யூஜிக்கு மிக அருகிலேயே மண்ணுக்குள் இருந்தது. கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஃபுஜினொகி என்ற புதைமேடு இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அதை 1985-இல் தொல்லியலாளர்கள் அகழ்ந்தபோது, தங்க முலாம் பூசிய வெண்கலச் சேணத் தகடுகள் கிடைத்தன. தகட்டைக் குடைந்து எடுத்த அந்தச் சித்திர வேலையில் யானையும் ஃபீனிக்ஸ் பறவையும் கொடிச் சுருள்களும் நெருங்கிக் கிடக்கின்றன. கோடு ஒவ்வொன்றும் கூர்மை. இடமும் வலமும் ஒத்த அமைப்பு. எல்லாம் ஒரே தளத்தில், முன்னிருந்து பார்ப்பதற்காக.

இப்போது ஹொர்யூஜியின் புத்தரைப் பாருங்கள். திருவாசியில் ஓடும் கொடிச் சுருளும், கத்தி வைத்து வெட்டியது போன்ற ஆடை மடிப்பும், இடமும் வலமும் ஒத்துப்போகும் அமைப்பும் அதே கைப்பழக்கம்தான் என்பது என் துணிபு. தங்க முலாம் பூசும் கலையைத் தோரி புத்தருக்காகப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவர் வீட்டுத் தொழிலிலேயே இருந்தது. சேணப் பட்டறை இல்லாமல் இந்தப் பொன் புத்தர் இல்லை.

முதல் பெரிய வேலை

587-இல் நடந்த போரில் சோகா நோ உமாகோ மொனொனொபே தலைவரைக் கொன்று வென்றார். எதிர்ப்பு ஓய்ந்தது. மறு ஆண்டே பெக்சேயிலிருந்து துறவிகளோடு கோயில் தச்சர்களும் ஓடு செய்வோரும் ஓவியரும் வந்து இறங்கினார்கள். அவர்கள் துணையோடு உமாகோ எழுப்பிய அசுகா கோயில், ஜப்பானின் முதல் முழுமையான பௌத்தக் கோயில்.

அதன் மூலவரைச் செய்யும் பொறுப்பை 605-இல் பேரரசி சுயிகோ தோரிக்குக் கொடுத்தார். செய்தி கேள்விப்பட்ட கொரியாவின் கோகுர்யோ அரசர் 300 ரியோ தங்கம் அனுப்பி வைத்தார். சிலை முடிந்தபோது, அது மண்டபத்தின் வாசலைவிட உயரமாக இருந்தது. வாசலை உடைக்காமல் உள்ளே கொண்டுபோக முடியாது என்று மற்றக் கைவினைஞர்கள் சொல்லிவிட்டார்கள். தோரி வாசலைத் தொடாமலேயே சிலையை உள்ளே சேர்த்துவிட்டார் என்கிறது நிஹோன் ஷோகி. வார்ப்பதோடு தம் வேலை முடிந்துவிட்டதாக அவர் நினைக்கவில்லை என்பதற்கு இது போதும்.

பேரரசி அவருக்கு உயர்ந்த பதவியும் 20 சோ அளவு நெல் வயலும் பரிசளித்தார். அந்த ஆணையில் தோரியின் திறமையை மட்டும் அவர் பாராட்டவில்லை. பாட்டனார் செய்த தொண்டையும் தந்தையின் துறவையும் அத்தை ஷிமா முதல் பெண் துறவியானதையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிப் பாராட்டினார். சந்தையில் சவுக்கடி வாங்கிய சிறுமிக்கு அரசவை தந்த மரியாதையாகவே நான் அதைப் படிக்கிறேன். கிடைத்த வயலைக் கொண்டு தோரி ஒரு பெண் துறவியர் மடத்தைக் கட்டினார்.

அசுகாவின் அந்தப் பெரிய புத்தர் 1196-இல் நேர்ந்த தீயில் மிகவும் சிதைந்தார். சுமார் 2.75 மீட்டர் உயரத்தில் இன்றும் அங்கே அமர்ந்திருக்கிறார். உடலெங்கும் பழுதுபார்த்த ஒட்டுகள். ஆகவே தோரியின் கைவேலையைச் சேதமில்லாமல் பார்க்க வேண்டுமானால் ஹொர்யூஜிக்குத்தான் போக வேண்டும்.

மெழுகும் செம்பும் பாதரசமும்

ஹொர்யூஜி புத்தரின் உயரம் சுமார் 87 சென்டிமீட்டர். பக்கத்தில் நிற்கும் போதிசத்துவர்கள் 90 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பின்னால் உள்ள திருவாசி 1.75 மீட்டருக்குக் குறையாது.

வார்த்த முறை மெழுகு வார்ப்பு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை தெரிந்திருக்கும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசிக் கருக்கட்டி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலையில் உருவம் முழுக்கவும் மெழுகு. ஆகவே சிலை கெட்டியாக அமையும். தோரியின் முறையில் உள்ளே களிமண் கரு ஒன்று உண்டு. அதன்மேல்தான் மெழுகைப் போர்த்து உருவம் செதுக்குவார்கள். ஆகவே சிலை உள்ளே கூடாக இருக்கும். செம்பு மிச்சமாகும், எடை குறையும். ஆனால் ஆபத்து அதிகம். மெழுகு உருகிப்போன பிறகு உள்கரு அசையாமல் நிற்க வேண்டும். அதற்காக உள்கருவையும் வெளிமண்ணையும் சிறு உலோக முளைகளால் பிணைப்பார்கள். கரு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் சிலையில் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஓட்டையாகிவிடும்.

வார்ப்பு ஆறியதும் மண்ணை உடைத்து, பிசிறு நீக்கி, உளியால் கோடுகளைக் கூர்மையாக்கி, மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பிறகுதான் தங்கம். தங்கத்தைப் பாதரசத்தோடு சேர்த்தால் வெண்ணிறமான ஒரு களிம்பாகிவிடும். சுத்தம் செய்த வெண்கலத்தின்மேல் அந்தக் களிம்பைச் சீராகப் பூசி நெருப்புக் காட்டுவார்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. சூடு ஏறஏற அது ஆவியாகப் போய்விட, தங்கம் மட்டும் வெண்கலத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் மங்கலாகத் தெரியும் பரப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். ஒரே பூச்சில் நிறம் நிறைவாக வராவிட்டால் மறுபடியும் பூசுவார்கள். அந்த ஆவி கொடிய நஞ்சு. அழகான ஒவ்வொரு பொன் புத்தருக்குப் பின்னாலும் அந்தப் புகையைச் சுவாசித்த பெயர் தெரியாத தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

1,400 ஆண்டுகளில் இந்தச் சிலையின் முலாம் பல இடங்களில் தேய்ந்து கருத்துவிட்டது. ஆனாலும் பொன்னின் சாயல் இன்னும் போகவில்லை.

முகத்தைப் படித்தல்

கலை வரலாற்றாசிரியர்கள் இந்தச் சிலையின் நடையைத் தோரி பாணி என்கிறார்கள். அதன் அடையாளங்கள் தெளிவானவை.

முகம் நீளமானது. கண்கள் வாதுமைப் பருப்பின் வடிவில், நன்றாகத் திறந்திருக்கும். உதட்டின் இரண்டு ஓரமும் லேசாக மேலேறிய ஒரு புன்னகை. கைகள் உடலின் அளவுக்குப் பெரியவை. வலக்கை அஞ்சாதே என்று அபயம் காட்ட, இடக்கை வரம் தரும் பாவனையில் தாழ்ந்திருக்கிறது. தோளிலிருந்து இறங்கும் கனத்த ஆடை முழங்காலைக் கடந்து பீடத்தின் முகப்பில் வழிந்து, அடுக்கடுக்கான மடிப்புகளாகத் தொங்குகிறது. அந்த மடிப்புகளில் துணியின் இயல்பான தொய்வு இல்லை. இடப்பக்கம் எத்தனை வளைவோ வலப்பக்கமும் ஏறக்குறைய அத்தனை வளைவு. போதிசத்துவர்களின் ஆடை ஓரங்கள் மீன் துடுப்பைப் போல இருபுறமும் கூராக விரிகின்றன. மூவரையும் சேர்த்து ஒரு முக்கோணத்துக்குள் அடக்கிவிடலாம்.

திருவாசியில், புத்தரின் தலைக்குப் பின்னால் ஒரு தாமரை. அதைச் சுற்றிக் கொடிச் சுருள். அதற்கு வெளியே மேல்நோக்கி எரியும் தீச்சுடர்கள். அந்தச் சுடர்களுக்கு நடுவே ஏழு சிறு புத்தர்கள். சாக்கியமுனியோடு சேர்த்துக் கடந்த காலத்துப் புத்தர்கள் எழுவர். விளிம்பைச் சுற்றி ஒரு காலத்தில் பறக்கும் தேவமகளிர் உருவங்கள் பொருத்தப்பட்டிருந்ததற்கான அடையாளங்களும் உண்டு.

பக்கத்தில் நிற்கும் இருவரையும் மருந்தின் அரசர், மருந்தில் மேலானவர் என்று பொருள்படும் பெயர்களால் கோயில் மரபு அழைக்கிறது. நோயாளிக்காக நேர்ந்துகொண்ட சிலையில், புத்தரின் இருபுறமும் நிற்பவர்கள் மருத்துவப் போதிசத்துவர்கள்.

இந்தப் பாணியில் தசையின் மென்மை இல்லை, உடல் திரும்புவது இல்லை, அசைவு இல்லை. அதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்த உருவம் மனித உடலைப் போலச் செய்து காட்ட முயலவே இல்லை. இறந்தவரின் உடலளவை எடுத்துக்கொண்டு, அவர் உடலை எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் மண்டியிடுபவரின் கண்ணுக்கு நேராக, நிலையாக, விலகாமல் நிற்கும் ஓர் இருப்பைக் கொடுக்க வேண்டும் என்பதே சிற்பியின் நோக்கம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு வேண்டியதும் அந்த நிலைத்தன்மைதான்.

நூறு ஆண்டுக்கு முந்தைய ஆடை

இந்தப் பாணியைத் தோரி தாமாகக் கற்பனை செய்யவில்லை. அதன் வேர் சீனாவில் இருக்கிறது.

இந்தியாவில் மதுராவின் புத்தர் மெல்லிய ஆடையில், வலத்தோள் திறந்து இருந்தார். காந்தாரத்துப் புத்தர் கனத்த மேலாடையைப் போர்த்தியிருந்தார். மத்திய ஆசியப் பாதை வழியாகச் சீனாவுக்குப் போன புத்தருக்கு அங்கே வேறொரு மாற்றம் நேர்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் வட சீனாவை ஆண்டது வட வெய் வம்சம். ஆண்டவர்கள் தொபா என்ற புல்வெளிக் குடியினர். பேரரசர் ஷியாவ்வென் 494-இல் தலைநகரை லுவோயாங்குக்கு மாற்றினார். தம் மக்கள் சீன ஆடை உடுத்த வேண்டும், சீன மொழி பேச வேண்டும் என்று ஆணையிட்டார். மக்கள் ஆடை மாறியதோடு புத்தரின் ஆடையும் மாறியது. சீன அரசவைப் பெரியவர்கள் அணிவது போன்ற அகன்ற, பல அடுக்கு மேலாடையும் மார்பில் முடிச்சிட்ட நாடாவும் புத்தருக்கு வந்தன. முகம் நீண்டது, உடல் மெலிந்தது, மடிப்புகள் பீடத்தில் வழிந்தன.

இந்த மாற்றத்தின் உச்சத்தை லுவோயாங்குக்கு அருகில் லாங்மென் குன்றில் காணலாம். அங்கே பின்யாங் குகைகளைக் குடையும் வேலை 500-இல் தொடங்கி 523 வரை நடந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆள்-வேலை செலவானதாக வட வெய் வரலாறு கணக்குச் சொல்கிறது. அந்த நடுக் குகையின் புத்தரையும் ஹொர்யூஜி புத்தரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உறவு விளங்கிவிடும்.

523, 623. சரியாக 100 ஆண்டு இடைவெளி. தோரி சிலை வார்த்த காலத்தில் சீனாவிலேயே இந்தப் பாணி வழக்கொழிந்துவிட்டது. அங்கே உருண்டையான, சதைப்பிடிப்பான உருவங்கள் வந்துவிட்டன. பிறகு ஏன் தோரி பழைய பாணியில் செய்தார்? கலை நேராக ஒரு தலைநகரிலிருந்து இன்னொரு தலைநகருக்குப் பறப்பதில்லை. அது குடும்பங்களின் வழியாக, பட்டறைகளின் வழியாக, சிறு மாதிரிச் சிலைகளின் வழியாகப் பயணம் செய்கிறது. கோகுர்யோவும் பெக்சேயும் இந்த நடையை வாங்கித் தம் வழியில் காப்பாற்றி வைத்திருந்தன. தென் சீனத்தின் லியாங் நாட்டிலிருந்து பெக்சே வழியாக வந்த கூறுகளும் இதில் கலந்திருப்பதாக அறிஞர்கள் சிலர் காட்டுகிறார்கள். பிறந்த இடத்தில் மறைந்துபோன ஒன்று, குடியேறிய குடும்பத்தின் கையில் தலைமுறை கடந்து பத்திரமாக இருப்பது உலகெங்கும் நடப்பதுதான்.

அதே சமயம் தோரி வெறுமனே நகல் எடுக்கவில்லை. லாங்மென் புத்தர் பாறையில் குடைந்தவர். கல்லின் கனம் அதில் உண்டு. தோரி அதை உலோகத்துக்கு மாற்றினார். மாற்றும்போது கோடு இன்னும் கூர்மையானது, மடிப்பு இன்னும் ஒழுங்கானது, முழு உருவமும் ஒரே மூச்சில் வரைந்த சித்திரம் போலத் தெளிவானது. அந்தத் தெளிவு தோரியுடையது.

தீயைக் கடந்த சிலை

இந்தச் சிலையை நேர்ந்துகொண்ட குடும்பம் நெடுநாள் நிலைக்கவில்லை. 643-இல் சோகா நோ இருகா அனுப்பிய படை இகருகாவைத் தாக்கியது. ஷோதொகுவின் மகன் யமாஷிரோ நோ ஓயேயும் அவர் குடும்பத்தாரும் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 645-இல் இருகாவும் கொல்லப்பட்டார். அதோடு சோகா தலைமைக் குடும்பத்தின் ஆட்சியும் முடிந்தது. 670-இல் ஹொர்யூஜியே எரிந்தது. ஒரு கட்டடமும் மிஞ்சவில்லை என்று நிஹோன் ஷோகி சொல்கிறது. 1939-இல் நடந்த அகழாய்வு பழைய கோயிலின் அடித்தளத்தைக் காட்டி, அந்தத் தீ உண்மைதான் என்று உறுதிப்படுத்தியது. இன்று நாம் காணும் பொன் மண்டபம் அதற்குப் பின் எழுந்தது. அதுவே உலகில் இன்று நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்று. அந்தத் தீயிலிருந்து சிலையைத் தூக்கிக் காப்பாற்றினார்களா, அல்லது அது வேறிடத்தில் இருந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 747-இல் எழுதிய கோயில் சொத்துப் பட்டியலில், ஷோதொகுவுக்காகச் செய்த புத்தர் என்று இது தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

பொறிப்பு 623-இலேயே எழுதியதா, பிற்காலத்தில் சேர்த்ததா என்ற விவாதமும் நடந்தது. இளவரசரைக் குறிக்க அதில் வரும் பட்டப்பெயர்தான் ஐயத்துக்குக் காரணம். பின்னர் மரப் பீடத்தை ஆராய்ந்தபோது, உட்புறப் பலகையில் மையால் எழுதிய ஓர் ஆண்டுக் குறிப்பு கிடைத்தது. அது 621-ஐக் குறிக்கிறது. வேறொரு கட்டடத்தின் மரத்தை எடுத்துப் பீடம் செய்திருக்கிறார்கள். இந்தச் சிறு குறிப்பு, சிலை தன்னைப் பற்றிச் சொல்லும் காலத்தோடு நன்றாகப் பொருந்துகிறது.

1949 ஜனவரி 26 அன்று பொன் மண்டபம் மறுபடியும் தீப்பிடித்தது. அதன் புகழ்பெற்ற சுவரோவியங்கள் கருகிப்போயின. சிலைகள் தப்பின. அந்த இழப்பின் அதிர்ச்சியில்தான் ஜப்பான் 1950-இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஜனவரி 26 இன்றும் அங்கே பண்பாட்டுச் சொத்துகளைத் தீயிலிருந்து காக்கும் நாள். 1993-இல் ஹொர்யூஜி யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. 2017-இல் தோக்கியோ கலைப் பல்கலைக்கழகம், தகஓகா நகரத்து வார்ப்புக் கலைஞர்களின் துணையோடு, முப்பரிமாண அளவீடு எடுத்து இந்த மூவர் சிலையின் முழுப் படி ஒன்றையும் செய்து முடித்தது.

தோரி பாணியோ ஒரு தலைமுறைக்கு மேல் நீடிக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாங் சீனாவின் செல்வாக்கு நேரடியாக வந்தது. முகங்கள் உருண்டன, உடல்கள் மென்மையாயின. 685-இல் செய்த யமதா கோயில் புத்தரின் தலை இன்று நாராவின் கொஃபுகுஜியில் இருக்கிறது. அந்த இளமையான வட்ட முகத்தைப் பார்த்தால், அறுபதே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பது தெரியும்.

ஒரு வேண்டுகோள்

காலப் பெயரையும் அரச வம்சப் பெயரையும் கொண்டுதான் நாம் பெரும்பாலும் கலைப் பாணிகளை அழைக்கிறோம். ஆண்டவரின் பெயர் நிற்கிறது, செய்தவரின் பெயர் மறைகிறது. ஜப்பானியச் சிற்ப வரலாறோ தன் முதல் பெரும் பாணியை ஒரு கைவினைஞரின் பெயரால் அழைக்கிறது. அவர் குடியேறி வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. சேணம் செய்த குலத்தவர். சிலையை வேண்டிக்கொண்ட மனைவியரும் பிள்ளைகளும் அவர் பெயரையும் குலத்தையும் பொறிப்பில் சேர்க்க வேண்டும் என்று நினைத்தார்கள் பாருங்கள், அந்த நன்றியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஜப்பான் போகும் வாய்ப்புக் கிடைத்தால், நாராவின் மான்களையும் தோதாய்ஜியின் பெரிய புத்தரையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். நாராவிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குள் ஹொர்யூஜி நிலையம் வந்துவிடும். பொன் மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. கண் பழகச் சற்று நேரமாகும். அவசரப்படாதீர்கள். சிலைக்கு நேர் முன்னால் நில்லுங்கள், ஏனென்றால் தோரி அங்கே நிற்பவருக்காகத்தான் இதைச் செய்தார். முதலில் அந்த ஆடை மடிப்புகளைப் பாருங்கள், பிறகு முகத்தைப் பாருங்கள். கூட வருபவர்களுக்கு இளவரசரின் பெயரைச் சொல்லும்போது, சிற்பியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.